பதுளைப் பள்ளத்துப் புகையும் வெள்ளவத்தைக் கடல்காத்தும்

மச்சான்,

உன் மெயில் பார்த்தேன், அன்னிக்கே எழுதணும்னுதான் இருந்தேன், ஆபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கிற வேலை, தலை தூக்க விடல. பெரியவன் இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை, அவன் ஜாலியா இருக்கான், வீட்ல மத்தவங்கதான் டென்ஷன்ல சுத்துறோம்.

அம்மாவோட இருமல் பத்தி நீ எழுதினதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தோட்டத்துல மேல் மலையில இருந்த வரைக்கும் ஒன்னுமில்ல, டவுன்ல உன் வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் விடியக்காலையில இருமுறாங்க, பதுளைல அப்படி என்னடா பெரிய பேக்டரி இருக்குனு கேட்டிருந்த. எவ்வளவு புகை வருதுங்கறத விட, வந்த புகை போறதுக்கு வழி இருக்கானுதான் முதல்ல பாக்கணும். டவுன் எங்க கிடக்குனு யோசி, கடல் மட்டத்துல இருந்து 680 மீட்டர்ல ஒரு பள்ளம், நமுனுகுல மலை 2,000 மீட்டருக்கு மேல நிக்குது, மத்தப் பக்கமும் மலைதான். தை மாசியில மழை விட்டு வானம் வெளுத்துச்சுனா ராத்திரி தரை சட்டுனு குளுந்துடும், குளுந்த காத்து கனம்ங்கறதால சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கிடும், சூடான காத்து அதுக்கு மேல உக்காந்துக்கும். வழக்கமா ஒரு கிலோமீட்டர் மேல போனா சூடு சுமாரா 6.5 பாகை குறையணும், இது தலைகீழ், பானைக்கு மூடி போட்ட மாதிரி. அந்த மூடிக்குள்ளதான் ஊர்ல உள்ள விறகடுப்பு, வாசல்ல குவிச்சுக் கொளுத்துற குப்பை, பஸ் ஸ்டாண்ட்ல எஞ்சின ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு பிளேன் டீ குடிக்கப் போற டிரைவர்மார், எல்லாம். வெயில் ஏறி தரை சூடாகி 9, 10 மணி ஆனாத்தான் மேல கிளம்பும். மேல் மலை வீடு அனேகமா அந்த மூடிக்கு மேல இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேக்டரி இருந்தா என்ன ஆகும்னு கேட்டா, அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல டொனோரானு ஒரு சின்ன டவுன், ஆத்து வளைவுல மலைக்கு நடுவுல, 1948 அக்டோபர் கடைசியில இதே மூடி நாள்கணக்கா கலையாம நின்னுச்சு, துத்தநாக ஆலைப் புகை போக வழியில்லாம 20 பேர் செத்துப் போனாங்க, ஆயிரக்கணக்கான பேருக்கு மூச்சுத் திணறல். அந்த ஆலை முந்தின மாசமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கடைசியில மழை வந்துதான் கலைஞ்சுது.

இங்க கொழும்புல வேற கதை. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து சமுத்திரத்துல இருந்து நேரா வெள்ளவத்தைக்குள்ள வருது, காலி ரோட்ல அதே பஸ் அதே கரும்புகை (எமிஷன் டெஸ்ட் எப்படித்தான் பாஸ் பண்றானுங்களோ), ஆனா நிக்காது, அடிச்சுத் தள்ளிடும். வேடிக்கை என்னன்னா அந்தக் காத்தேதான் மத்திய மலையில மழையெல்லாம் கொட்டிட்டு உங்க பக்கம் காஞ்சு போய் கச்சான் காத்தா இறங்குது. எங்களுக்குக் கழுவி விடுது, உங்களுக்கு ஆடி ஆவணியில மானாப்புல்லக் காய வச்சு எவனாவது ஒரு நெருப்புக் குச்சி கிழிச்சா மலையே எரியுது. தேயிலைக்கு நல்ல மணம் வர்ற சீசனும் அதே மாசம்தான், அத மட்டும் விளம்பரத்துல போடுவானுங்க.

மார்கழி ஆனா எங்க முறை. காத்து வடகிழக்குல திரும்பும், வங்காள விரிகுடா தாண்டி இந்தியப் பக்கத்துத் தூசியும் சேர்ந்து வரும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் நேரம் ஞாபகம் இருக்கா, 9ஆம் தேதி நாடு முழுக்க ஸ்கூல் மூடினாங்களே, மழைக்குனு நினைச்சவங்கதான் அதிகம், காத்து கெட்டுப் போனதுக்குத்தான் மூடினது. பிஎம் 2.5ங்கற நுண்தூசிக்கு உலக சுகாதார அமைப்பு ஒரு கன மீட்டர் காத்துல ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம் தாண்டக்கூடாதுங்குது, 2008ல போட்ட நம்ம சட்டம் 50 வரைக்கும் விடுது. நம்ம நுரையீரல் ஸ்பெஷல் மாடல் போல.

சரி, அம்மா விஷயம். முதல்ல உன் குசினியப் பாரு, 2022 கேஸ் தட்டுப்பாட்டுல விறகுக்குப் போனவங்க நிறைய பேர் இன்னும் திரும்பல, நீயும் அதுல ஒருத்தன்னு நினைக்கறேன், புகைக்கூண்டு இல்லாம ஒரு அறைக்குள்ள விறகு எரிச்சா வெளிக்காத்து பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல. அடுத்தது, விடியக்காலை 5 மணிக்கு கோயிலுக்கு நடக்க விடாத, வெயில் வந்து 10 மணிக்கு மேல போகச் சொல்லு, திட்டுவாங்கதான், திட்டட்டும். ஆனா மலை, காத்துனு நான் எழுதினத வச்சு டாக்டர்கிட்ட போறதத் தள்ளிப் போடாத, நெஞ்சு எக்ஸ்ரே ஒன்னு எடுத்துடு.

கொழும்புக்குக் கூட்டிட்டு வரட்டுமானு கேட்டல்ல, இப்ப வேணாம், ஜூன்ல கூட்டிட்டு வா, பின்னேரம் பீச்ல உக்கார வைக்கலாம், கூட ஒரு மாசம் இருந்தாலும் சந்தோஷம்தான். சித்திரை லீவுக்கு நாங்க அங்க வர்றோம், அப்ப பின்னேரமானா இடி மழை அடிச்சு ஊரே சுத்தமா இருக்கும். புறக்கோட்டையில ஏதும் வாங்கணும்னா முன்னாடியே மெசேஜ் போட்டுடு, கடைசி நேரத்துல சொல்லாத.