ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த 102

அனுப்புநர்: உங்கள் பாதாம் மிக்ஸ் வாங்கிய ஒரு பாட்டி, திருநெல்வேலி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 200 கிராம் பாதாம் மிக்ஸ் டப்பாவில் சேர்மானப் பட்டியலை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியது குறித்து.

ஐயா,

என் பேரனுக்கு ஆறு வயது. போன வருஷம் ஒரு ஆரஞ்சு குளிர்பானம் குடித்துவிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனது. டாக்டர் அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "102 என்று போட்டிருந்தால் கொடுக்காதீர்கள்" என்றார். 102 என்றால் டார்ட்ரசின், எலுமிச்சை மஞ்சள் நிறச் செயற்கைச் சாயம். எல்லாருக்கும் ஒன்றும் செய்யாது, சிலருக்குத்தான் அரிப்பு, தடிப்பு வரும். அந்தச் சிலரில் எங்கள் வீட்டுப் பையனும் ஒருவன். அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமல் நான் மளிகைக் கடைக்குப் போவதில்லை.

உங்கள் டப்பாவையும் படித்துத்தான் வாங்கினேன். முன்பக்கம் குங்குமப்பூவும் உடைத்த பாதாமும் படமாக இருந்தன. பின்பக்கம் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் '20 ரூபாய் தள்ளுபடி' ஸ்டிக்கர். குங்குமப்பூ நிறம்தானே என்று எடுத்து வந்துவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பேரன் ஒரு டம்ளர் குடித்தான். ஒரு மணி நேரத்தில் கழுத்திலும் முழங்கையிலும் தடிப்பு. மருந்து கொடுத்துத் தூங்க வைத்த பிறகு, தேங்காய் எண்ணெய் தடவி அந்த ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் கடுகளவு எழுத்தில் இருந்தது: சர்க்கரை, பாதாம் 4 சதவீதம், கெட்டிப்படுத்தி 466, செயற்கை நிறமிகள் 102, 110, குங்குமப்பூ ஃப்ளேவர். குங்குமப்பூ என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. ஒரு சிட்டிகைப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். விழுந்த இடத்திலேயே மஞ்சள் ஓடியது. அசல் குங்குமப்பூ ஊற ஊறத்தான் நிறம் விடும், அதுவும் வாசனையோடு.

தடிப்பு உங்கள் பொடியால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் கண்ணில் பட்டிருந்தால் டப்பா கடையிலேயே இருந்திருக்கும்.

உங்கள் உதவி எண்ணில் பேசிய பெண், "எல்லாமே பர்மிட்டட் கலர்தான் மேடம்" என்றார். பஞ்சு மிட்டாய் விவகாரத்தைச் சொன்னதும், "அது ரோடமின் பி, துணிக்குப் போடுற சாயம். இது வேற" என்றார். உண்மைதான். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது உணவில் சேர்க்கவே கூடாத அந்தச் சாயத்துக்காக. 102 அப்படியில்லை, அனுமதி உள்ளது. ஆனால் அனுமதி கொடுத்த அதே சட்டம்தான் அதை டப்பாவில் தெரியும்படி எழுதவும் சொல்கிறது. ஐரோப்பாவில் 2010 ஜூலையிலிருந்து, 102 சேர்த்த பொட்டலத்தில் குழந்தைகளின் நடவடிக்கையையும் கவனத்தையும் இது பாதிக்கலாம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். நீங்கள் எண்ணைக்கூட மூடி வைத்திருக்கிறீர்கள்.

466 பற்றி எனக்குச் சண்டை இல்லை. அது தாவர நாரான செல்லுலோசிலிருந்து செய்வது. ஐஸ்கிரீமில் விழும் 412-கூட நம் கொத்தவரை விதைப் பசைதான். அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன்: பாதாமை அரைத்து ஊற்றினால் பாலுக்கு வரும் கெட்டி, உங்கள் பொடியில் இந்த 466-ஆல் வருகிறது. 4 சதவீதப் பாதாமை வைத்துக்கொண்டு டப்பா நிறையப் பாதாம் படம் போட உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

டப்பாவின் பணம் வேண்டாம். ஸ்டிக்கரைப் பட்டியலின் மேல் ஒட்டியது உங்கள் ஆலையா, விநியோகஸ்தரா, கடைக்காரரா என்று எழுத்தில் சொல்லுங்கள். கடைகளில் இப்படி ஒட்டிக் கிடக்கும் டப்பாக்களைத் திரும்ப எடுங்கள். முன்பக்கத்திலிருந்து குங்குமப்பூ படத்தை நீக்குங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவேன். டப்பா, மீதிப் பொடி, உரித்த ஸ்டிக்கர், பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்