முடிக்குச் சட்டம் இல்லை: ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு தாங்கள், அம்மா, ஆச்சி, அக்கா, அத்தான், பிள்ளைகள் அனைவரும் நலமாக இருக்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் துணை நிற்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் வராததற்குக் காரணம், என் மடிக்கணினி படுத்துவிட்டது. கைபேசியில் முகத்தைக் காட்டியிருக்கலாமே என்று அம்மா கேட்பாள். அதற்கு வேறொரு காரணம் உண்டு, பின்னால் எழுதுகிறேன்.

சென்ற ஆவணியில் இங்குள்ள ஒரு பெரிய கடையில் வாங்கிய கணினி அது. தை மாதம் முழுவதும் உள்ளேயிருக்கும் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. பிறகு வேலைக்கு நடுவில் தானாக அணையத் தொடங்கியது. இப்போது பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் வருவதில்லை, ஓரத்துச் சிறு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுக்குகிறது. அந்த மினுக்கலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்பதைக் கொண்டு, கெட்டது மெமரியா மதர்போர்டா என்று சில கணினிகளில் கண்டுகொள்ளலாம். நம் பக்கமாக இருந்தால் ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ ஏதேனும் ஒரு மாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். கடைத்தம்பி நம் கண்முன்னே திருகாணிகளைக் கழற்றி, பிரஷால் தூசியைத் தட்டி, மெமரிப் பட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் நாலு தேய் தேய்த்து, மறுபடி செருகிப் பார்ப்பான். பல கணினிகள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இங்கே நானாகத் திறந்தால், பழுதுக்கு நீதான் காரணம் என்று கடைக்காரர் கைகழுவ இடம் கொடுத்ததாகிவிடும். ஆகவே தொடாமல் கடையில் கொண்டுபோய் வைத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூடியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், தயாரித்த நிறுவனத்துக்கு எழுதுங்கள் என்று ஒரு முகவரித் தாளை நீட்டினார். என்னுடன் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், தொண்ணூறுகளிலேயே இங்கு வந்தவர், அதைக் கேட்டுச் சிரித்தார். இந்நாட்டுச் சட்டப்படி, கடையில் புதிதாக வாங்கிய பொருளின் குறைக்கு 2 ஆண்டுகள் வரை விற்றவரே பொறுப்பு. அதிலும் 2022 ஜனவரியிலிருந்து, முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லையென்றால் அதைக் கடைதான் நிரூபிக்க வேண்டும் என்று விளக்கினார். அவர் சொன்னபடி 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் அரை மணி நேரம் மன்றாடியும் அசையாத கடை, தாளைக் கண்டதும் அசைந்தது. கணினியை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். பழுதுபார்க்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம் என்றும், உள்ளேயிருக்கும் கோப்புகளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

அதுவரைக்கும் அந்த அண்ணன் தம் பழைய கணினியைக் கொடுத்திருக்கிறார். ஜெர்மன் விசைப்பலகையில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறி இருக்கும். ஒலிப்பு முறையில் தமிழைத் தட்டிப் பழகிய விரல்களுக்கு இதைவிடச் சோதனை இல்லை. ‘வாழ்க’ என்று அடித்தால் ‘வாய்க’ என்று வருகிறது, ‘யார்’ என்பது ‘ழார்’ ஆகிறது. இரண்டு வரியிலேயே பொறுமை போய், பேனாவை எடுத்துவிட்டேன்.

இனி முகத்தைக் காட்டாத கதை. முடி வெட்டிக்கொள்ள இங்கே முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். நம்மூர்போலப் போய் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டே முறை வரும்வரை காத்திருக்கும் வழக்கமெல்லாம் இந்தக் கடைகளில் இல்லை. நம் சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை என்றால் இங்கே பல சலூன்கள் திங்களன்று மூடுகின்றன. ஞாயிறன்று கடைவீதியே மூடிக் கிடக்கும். எனக்குக் கிடைத்த ஒரே நேரம் செவ்வாய் பிற்பகல் 2.40. இந்த வரியை மட்டும் ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

என் உச்சியில் இரட்டைச் சுழி இருப்பதும், அதற்காக எனக்கு இரண்டு கல்யாணம் என்று ஆச்சி கேலி செய்வதும் தாங்கள் அறிந்ததே. கல்லிடைக்குறிச்சியில் நம் சலூன்கடை அண்ணாச்சி சிறு வயதிலிருந்தே அந்தச் சுழியில் மெஷினை வைத்ததில்லை. விரலிடுக்கில் முடியைப் பிடித்து, அது சுழலும் போக்கிலேயே கத்தரியை ஓட்டி, இரண்டு விரற்கடை நீளத்தை விட்டுவிடுவார். இங்கே முடி வெட்டிய அம்மையார் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் என்பது. பக்கங்களுக்கு 12, உச்சிக்குக் கத்தரி என்று தெளிவாகவே சொன்னேன், தலையாட்டினார். அடுத்த கணமே மெஷின் காதோரம் ஏறி உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டது. தங்கள் முடி மிகவும் அடர்த்தி, இப்படி இருப்பதே அழகு என்று ஆறுதல் வேறு. இப்போது உச்சியில் பிசான அறுப்பு முடிந்த வயலின் தாள் போல முடி குத்திட்டு நிற்கிறது. பிடரியில் தண்ணீர் தெளித்துப் பாதி பிளேடால் ஒதுக்கி, படிகாரக் கட்டியைத் தேய்த்துவிடும் சுகத்தை நான் எதிர்பார்த்ததே தவறு, அங்கும் மெஷின்தான்.

கூலி 34 யூரோ, நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். அதைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். இங்கே மூன்றாண்டுகள் தொழில் பழகிய பிறகுதான் கத்தரி பிடிக்கிறார்கள், தனியாகக் கடை நடத்த அதற்கு மேலும் பெரும்பாலும் மாஸ்டர் தேர்வு எழுத வேண்டும், இந்த 2025-இல் மணிக்கு 12.82 யூரோவுக்குக் குறையாமல் சம்பளம் கொடுத்தாக வேண்டும், 19 சதவீத வரி வேறு. அவர் வேலை தெரியாதவரும் அல்லர். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவருக்கு, பட்டுநூல் போன்ற மெல்லிய முடியை அப்படி நேர்த்தியாக வெட்டினார். என் தலை அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். கணினிக்கு ஒரு கெடுக் கடிதம் எழுத முடிந்தது. முடிக்கு எந்தச் சட்டத்தைக் காட்டி யாருக்கு எழுதுவது?

இந்த வாரம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போவதாக இருந்தேன். 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். அங்கே கம்பளித் தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போட்டுவிட்டேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வளருமாம்; எப்படியும் சித்திரை விசுவுக்குள் அம்மா பார்க்கத் தகுந்த தலையாகிவிடும். அடுத்த முறை துருக்கியர் நடத்தும் சலூனுக்குப் போகச் சொல்கிறார் அண்ணன். நேரம் வாங்காமலே போகலாமாம், கூலியும் குறைவாம், சவரக்கத்தியும் எடுப்பார்களாம்.

ஒரு வேலை இருக்கிறது. என் அறை அலமாரியின் மேல்தட்டில், பத்தமடைப் பாய்க்குப் பின்னால், கறுப்பு உறையில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கும். வீட்டுப் பத்திரம், பட்டா, அக்கா கல்யாணப் புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் ஊரிலிருந்து புறப்படும் முன் அதில் நகல் எடுத்து வைத்திருந்தேன். அத்தானைக் கொண்டு அதை ஒருமுறை கணினியில் சொருகித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லையென்றால் எந்தக் கடையிலும் கொடுக்க வேண்டாம். எனக்குத் தகவல் சொல்லுங்கள், என்ன செய்வதென்று நான் சொல்கிறேன். ஆச்சியின் மருந்துக்கான பணம் நாளை மறுநாள் தங்கள் கணக்கில் வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்