பழைய ரூபிடியம் வாங்குமுன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சுந்தரம்,

குடியாத்தத்திலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி தொடங்கிவிட்டது. அதிர்வெண் கவுண்டரைச் சரிபார்க்கப் பழைய ரூபிடியம் கடிகாரம் (துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ் தரும் பெட்டி) ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இந்த வெயிலுக்கும் நிறைய சம்பந்தம் இருக்கிறது.

கவுண்டரைச் சரிபார்க்க மட்டும் என்றால் ரூபிடியம் தேவையே இல்லை. ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய, சூட்டை ஒரே அளவில் வைக்கும் ஓவன் கிரிஸ்டல் போதும், விலையும் குறைவு. வானம் தெரிய ஆன்டெனா வைக்க வழி இல்லாதபோதும், போட்ட சில நிமிஷத்தில் நம்பகமான 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்கிறபோதும்தான் ரூபிடியத்துக்கு வேலை. அதோடு, ரூபிடியம்-87 அணுவின் 6834.68 மெகாஹெர்ட்ஸ் அதிர்வு நம் மேசையிலேயே ஒரு கிரிஸ்டலைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே ஒரு தனி சந்தோஷம். 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் நம் நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரம் போயிருக்கிறது, தெரியும்தானே.

விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் செல்போன் டவர்களில் ஓடிக் கழற்றியவை. எஃப்ஈ-5680ஏ, எல்பிஆர்ஓ-101 என்ற இரண்டு மாடலும் அதிகம் தென்படும். 5680ஏ-வில் ஒரே பெயரில் பல வகை உண்டு. சிலவற்றில் 10 மெகாஹெர்ட்ஸே வராது, வேறு அதிர்வெண்தான் வரும். ஒன்பது பின் சாக்கெட்டில் எதில் என்ன வருகிறது என்பதும் வகைக்கு வகை மாறும். பெரும்பாலானவற்றுக்கு 15 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு சப்ளை வேண்டும். சூடாகும்போது 15 வோல்ட்டில் 1.8 ஆம்பியர் வரை இழுக்கும். வோல்ட்டேஜ் ரெகுலேட்டராக எல்எம்317 தாங்காது, எல்எம்338 போடு.

என்னைக் கேட்டால் எல்பிஆர்ஓ வாங்கு. ஒரே சப்ளை, 19 முதல் 32 வோல்ட் வரை எதுவானாலும் சரி. முக்கியமாக, உள்ளே இருக்கும் ரூபிடியம் விளக்கின் ஆரோக்கியத்தை வெளியிலிருந்தே அளக்க ஒரு பின் இருக்கிறது. பத்து மெகாஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டரில் அளந்தால் 3 வோல்ட்டுக்கும் 14 வோல்ட்டுக்கும் இடையில் வர வேண்டும். விளக்கு கிழடாக ஆக இது இறங்கும். 3-ஐ நெருங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 'டெஸ்ட் செய்தது' என்ற சொல்லை நம்பாதே. லேபிள் படமும், விளக்கு வோல்ட்டேஜ் மீட்டரில் தெரிகிற படமும் கேள். திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

வந்ததும் வெறும் மேசையில் வைத்து ஓட்டாதே. 24 வோல்ட் கொடுத்ததும் 1.7 ஆம்பியர் வரை போகும், சில நிமிஷத்தில் அரை ஆம்பியர் பக்கம் இறங்கும். இறங்காமல் அங்கேயே நின்றால் ஓவன் கட்டுப்பாட்டில் கோளாறு. முதலிலிருந்தே குறைவாக இருந்தால் ஹீட்டர் அறுந்திருக்கலாம். பூட்டு விழும்வரை, அதாவது அணுவின் அதிர்வைப் பிடிக்கும்வரை, உள்ளே இருக்கும் கிரிஸ்டல் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருக்கும். கவுண்டரில் கடைசி இலக்கங்கள் நடப்பதைப் பார்க்கலாம். பூட்டியதும் நடை நின்று, 'பைட்' (பூட்டியதா என்று காட்டுவது) என்கிற பின்னின் வோல்ட்டேஜ் தாழ்ந்துவிடும். அந்தப் பின்னிலிருந்து நேராக எல்ஈடி எரிக்காதே, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போடு. தேடல் ஓயவே இல்லை என்றால் ஒன்று விளக்கு மங்கியிருக்கும், இல்லை கிரிஸ்டல் வயதாகித் தேடும் எல்லைக்கு வெளியே போயிருக்கும். விளக்கு வோல்ட்டேஜ் நன்றாக இருந்தால் இரண்டாவதுதான். அதைச் சரிசெய்ய இடமுண்டு.

இப்போது வெயில் விஷயம். உள்ளே இருக்கும் ஓவன்களுக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அடித்தட்டு சூடு ஏற ஏற ஹீட்டருக்கு வேலை குறைந்து, ஒரு கட்டத்தில் கட்டுப்பாடே கைவிட்டுப் போகும். எல்பிஆர்ஓ-வின் அடித்தட்டு எல்லை 70 டிகிரி. நம் ஊரில் அறையே 40 இருக்கும்போது 12 வாட்டை எங்கே விடுவது? வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட் சிங்க் போட்டால் 52-ல் நிற்கும், அது போதும். பழைய ஆம்ப்ளிஃபயர் ஹீட் சிங்க் நன்றாகப் பொருந்தும். பேஸ்ட் மெல்லிசாகத் தடவி எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கு. ஃபேன் வைத்தால் சிங்க் மேல் மெதுவாக, ஒரே சீராக வீசட்டும். டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வை. காந்தப்புலம் மாறினால் அதிர்வெண்ணும் நகரும்.

கரண்ட் போகும் பிரச்சினைக்கு இரண்டு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியைத் தொடராகக் கட்டி 27.6 வோல்ட் சார்ஜரில் எப்போதும் இணைத்தபடி மிதக்கவிடு. எல்பிஆர்ஓ அதை நேராக ஏற்கும், பேட்டரி புதிதாக இருந்தால் பத்து மணி நேரம் பக்கம் தாங்கும்.

ஒருநாள் முழுக்க ஓடிய பிறகே திருத்த ஆரம்பி. ஜிபிஎஸ் மாட்யூலின் நொடித் துடிப்பில் ஸ்கோப்பை டிரிகர் செய்து 10 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பார். ஒரு முழு அலை, அதாவது 100 நானோசெகண்ட், நகர 1000 நொடி ஆனால் பிழை ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; கவுண்டரில் 0.001 ஹெர்ட்ஸ். ஜிபிஎஸ் துடிப்பே பத்து இருபது நானோசெகண்ட் ஆடும், அதனால் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. பல மணி நேரம் விட்டு, சி-ஃபீல்ட் ஸ்க்ரூவை (அணுக்களைச் சுற்றிய சின்ன காந்தப்புலத்தை மாற்றுவது) இம்மியளவு திருப்பி, மறுபடி காத்திரு. மொத்தமே 0.015 ஹெர்ட்ஸ் அளவுதான் இப்படியும் அப்படியும் நகர்த்த முடியும். மாதங்கள் போகப் போக விலகும் என்பதால் அவ்வப்போது இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வெளியீட்டுக் கேபிளின் கடைசியில் 50 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். டி-கனெக்டர் போட்டு மூன்று கருவிக்குப் பிரிக்காதே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெளியீடு தரும் ஒரு சின்ன பஃபர் சர்க்யூட் செய்துகொள்.

பணம் கட்டும் முன் லேபிள் படத்தை எனக்கு அனுப்பு, வகையைப் பார்த்துச் சொல்கிறேன். எல்எம்338 என்னிடம் இரண்டு சும்மா கிடக்கிறது. 5680ஏ-தான் என்று முடிவானால் இந்தப் பக்கம் வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
முருகேசன்