சாவியையும் துடைப்பத்தையும் விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் ஜெருசலேமின் வரலாறு பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சிவப்பு மையை விட்டாலும் திருத்துகிற புத்தி விடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் ஆண்டுகள் எல்லாம் சரி. கி.பி. 70-இல் ரோமத் தளபதி டைட்டஸ் யூதர்களின் ஆலயத்தை இடித்தது, 1099-இல் சிலுவைப் போர்ப் படை புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது, 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாஹுதீன் மீட்டது, 1917-இல் ஆங்கிலேயர் பிடித்தது, பிறகு 1948, 1967 போர்கள். முற்றுகைக்கு முற்றுகை தாவிச் செல்கிறது கட்டுரை. 1187-க்கும் 1917-க்கும் நடுவே 730 ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்குக் கிடைத்தது இரண்டே வரி. அத்தனை ஆண்டுகள் அந்த ஊரில் யாரும் கடை திறக்கவில்லையா, பிள்ளை பெறவில்லையா, வாடகைச் சண்டை போடவில்லையா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1229-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் எகிப்தின் சுல்தான் அல்-காமிலும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நகரம் கிறிஸ்தவர்களிடம் வந்தது. அல்-அக்சா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் உள்ள வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. போர் இல்லை, முற்றுகை இல்லை. இதற்காக இருவரும் தத்தம் மதத்தாரிடம் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை, 1244-இல் மத்திய ஆசியக் குவாரஸ்மியப் படையிடம் நகரம் வீழ்ந்தது, உண்மைதான். ஆனாலும் இந்த 1229 உங்கள் கட்டுரையில் இல்லை. ரத்தம் சிந்தாத ஆண்டு என்பதால் விட்டுப்போயிற்று என்றே நினைக்கிறேன்.

என் பக்கத்து வீட்டில் இருக்கும் நாகர்கோவில் அக்கா செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையாருடன் புனிதப் பயணம் போய்வந்தார். இயேசுவின் கல்லறை இருப்பதாகக் கருதப்படும் திருக்கல்லறை ஆலயத்தின் கதவு விடியற்காலையில் திறக்கப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று குளிரில் போய் நின்றாராம். அவர் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். கதவிலுள்ள சிறு துவாரம் வழியாக உள்ளிருந்து ஒரு துறவி ஏணியை வெளியே நீட்டுகிறார். வெளியே நிற்பவர் அதைச் சார்த்தி ஏறி, மேல்பூட்டைத் திறக்கிறார். திறப்பவர் முஸ்லிம். சாவியை வைத்திருப்பது ஜூதே என்ற முஸ்லிம் குடும்பம். கதவைத் திறந்து மூடும் உரிமை நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ‘நம்ம கோயில் சாவி அவங்ககிட்ட ஏன்?’ என்று என்னிடம் கேட்டார்.

ஏனென்றால் உள்ளே ஆறு சபைகள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர் ஆகிய மூவர் பெரும் பங்காளிகள். காப்டிக், சிரியன், எத்தியோப்பியச் சபைகளுக்குச் சிறு சிறு உரிமைகள். எத்தியோப்பியத் துறவிகள் கூரையின் மேல் குடியிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால் மற்றவர் விடுவார்களா? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் யார் முதலில் பாடுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் நூறாண்டுக்கு மேல் நீதிமன்றம் ஏறி இறங்குவதை அறிந்த நமக்கு இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை. எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதெல்லாம் முறை வகுக்கப்பட்டது. 1757-இலும் பிறகு 1852-இலும் அந்த ஊரை ஆண்ட உதுமானிய சுல்தான்கள் பிறப்பித்த ஆணைகளின் சாரம் இவ்வளவுதான்: உள்ளது உள்ளபடி இருக்கட்டும், யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. வாசலுக்கு மேலே ஜன்னலடியில் ஒரு மர ஏணி 18-ஆம் நூற்றாண்டிலிருந்து சும்மா சாய்ந்து நிற்கிறது. எடுக்க எல்லாரும் சம்மதிக்க வேண்டுமே!

இது பாசத்தால் வந்த ஏற்பாடு என்று நான் கதைவிடப் போவதில்லை. 2002-இல் கூரையில் ஒரு காப்டிக் துறவி வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிப் போட்டார். எத்தியோப்பியத் துறவிகளுடன் கைகலப்பாகி, 11 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2011 டிசம்பரில், இயேசு பிறந்ததாகக் கருதப்படும் பெத்லகேம் பிறப்பாலயத்தைப் பெருக்கப்போன கிரேக்கத் துறவிகளும் ஆர்மீனியத் துறவிகளும் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். ஜெருசலேமில் இயேசுவின் கல்லறையைச் சுற்றியுள்ள சிறு கோயில் 1927 நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்டது. 1947-இல் ஆங்கிலேயர் இரும்புச் சட்டம் வைத்து முட்டுக்கொடுத்தார்கள். பெரிய பங்காளிகள் மூவரும் ஒத்துக்கொண்டு முறையான பழுதுபார்ப்பைத் தொடங்கியது 2016-இல்! ஆனாலும் ஆலயம் நிற்கிறது, ஆறு சபைகளும் உள்ளே இருக்கின்றன. ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள் ஒரே கூரையடியில் காலம் தள்ளிய இந்தக் கதையைத்தான் உங்கள் கட்டுரையில் தேடினேன்.

உள்ளூர் வம்பை உலகப் போராக்க வெளியாட்கள்தான் வரவேண்டியிருந்தது. இந்தப் புனிதத் தலங்களில் கத்தோலிக்கருக்காக பிரான்சும் ஆர்த்தடாக்ஸ் சபைக்காக ரஷ்யாவும் வரிந்து கட்டியது, 1853-இல் கிரிமியப் போர் மூண்டதற்கு ஒரு காரணம். மாண்டவர்களில் எத்தனை பேர் ஜெருசலேமைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

ஏற்பாட்டை முறித்த இடங்களையும் ஒளிக்காமல் எழுதியிருக்கலாம். 1948 போரில் ஜோர்டானின் கைக்குப் போன யூதர் பகுதியிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஹுர்வா ஜெப ஆலயம் தகர்க்கப்பட்டது. போர்நிறுத்த உடன்படிக்கையில் புனிதத் தலங்களுக்குச் சென்றுவரும் உரிமை இருந்தும், ஜோர்டான் ஆண்ட 19 ஆண்டுகளும் அவர்களால் பழைய ஆலய வளாகத்தில் எஞ்சிய மேற்குச் சுவரருகே நின்று தொழ முடியவில்லை. 1967 ஜூனில் நகரம் இஸ்ரேலின் கைக்கு வந்த சில நாட்களுக்குள், அந்தச் சுவரின் முன்னே இருந்த மொராக்கோவாசிகளின் குடியிருப்பு புல்டோசரால் தரைமட்டமானது. சலாஹுதீனின் மகன் அல்-அஃப்தல் வட ஆப்பிரிக்கர்களுக்காக வக்ஃபாக எழுதிவைத்த இடம் அது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்தப் பெரிய முற்றம் அப்படி உண்டானதுதான். கட்டுரையாளர் முன்னதைச் சொல்லிப் பின்னதை விட்டுவிட்டார். வேறு சிலர் பின்னதைச் சொல்லி முன்னதை விடுவார்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் இரு தரப்பிலிருந்தும் திட்டு வரும், அவ்வளவுதானே!

தில்லிப் பதிப்பும் உள்ள நாளிதழ் என்பதால் இன்னொரு குறை. தில்லியிலுள்ள தீன்மூர்த்தி சிலைகள் ‘ஜெருசலேமைப் பிடித்த நம் வீரர்களின் நினைவுச் சின்னம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1922-இல் எழுப்பப்பட்ட அந்த மூன்று சிலைகளும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகளைக் குறிப்பவை. ஜோத்பூர், மைசூர் வீரர்களின் புகழ்பெற்ற பாய்ச்சல் 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபாவில் நடந்தது. ஜெருசலேம் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 9-இலேயே சரணடைந்துவிட்டது. மாணவர்களை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஜெருசலேமில் நம்மவர்கள் செய்த வேலை வேறு. நடந்தே நகருக்குள் நுழைந்த ஆங்கிலேயத் தளபதி அலன்பி, பாறைக் குவிமாட வளாகத்தைச் சுற்றி இந்திய முஸ்லிம் சிப்பாய்களைக் காவல் நிறுத்தினார். கூடவே, திருக்கல்லறை ஆலயத்தின் பரம்பரை வாயில்காப்போர் வழக்கம்போல் தம் பணியைத் தொடர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தச் சாவி போரிலும் கை மாறவில்லை.

தில்லிக்கும் அந்த நகருக்கும் வேறு உறவுகளும் உண்டு. நிஜாமுதீன் தர்காவுக்குப் போகாத தில்லித் தமிழர் குறைவு. அந்த நிஜாமுதீன் அவுலியாவின் குரு பாபா ஃபரீத். அவருடைய பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிபிலும் உள்ளன. அவர் ஜெருசலேம் சென்று நோன்பிருந்து தவம் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. ஹெரோது வாயிலருகே அந்த இடத்தில் இன்றும் இந்தியர் விடுதி இருக்கிறது. 1924 முதல் அதைப் பராமரிப்பது சஹாரன்பூரிலிருந்து சென்ற குடும்பம். தில்லி ஓக்லாவிலுள்ள ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான மௌலானா முகமது அலி ஜவஹர், 1931 ஜனவரியில் லண்டனில் காலமானபோது அடக்கம் செய்யப்பட்டது ஜெருசலேமில்தான், அதுவும் அல்-அக்சா வளாகத்தையொட்டி. இதையெல்லாம் எழுத உங்கள் தில்லி நிருபர் விமானம் ஏற வேண்டியதில்லை. நிஜாமுதீனுக்கும் ஓக்லாவுக்கும் பஸ் இருக்கிறது.

தீன்மூர்த்தி பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
மயூர் விஹார், தில்லி.

பி.கு.: முதல் படத்தின் கீழ் ‘தாவீது மன்னர் கட்டிய கோபுரமும் மதிலும்’ என்று அச்சாகியிருக்கிறது. தாவீதின் கோபுரம் என்பது பெயர்தான். அந்தக் கோட்டைக்கும் தாவீதுக்கும் தொடர்பில்லை. அடியில் இருப்பது ஹெரோது மன்னன் காலத்துக் கட்டுமானம், மேலே தெரிவது உதுமானியர் காலத்துப் பள்ளிவாசல் மினாரா. மதில் சுல்தான் சுலைமான் கட்டியது, 1537-க்கும் 1541-க்கும் இடையே.