மூணாவது சிலிண்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கோவில்பட்டியில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மாடித் தொட்டித் தண்ணீரில் ராத்திரி எட்டு மணிக்குக்கூடக் கை வைக்க முடியவில்லை.

உன் காரில் செக் இஞ்சின் லைட் மறுபடி எரிகிறது, நாலு ப்ளக்கும் ஒரு காயிலும் மாற்றியும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இஞ்சின் திக்குகிற மிஸ்ஸிங் நிற்கவில்லை, அடுத்து பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். நான் வாயைத் திறந்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம். "மாற்றிப் பார்க்கலாம்" என்று எவர் சொன்னாலும் பணத்தை எடுக்காதே. பார்த்துவிட்டு மாற்றட்டும்.

இதை நான் சொல்லக் காரணம், நம் மாருதி 800. உனக்கு முழுக்கதையும் தெரியாது. அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

அந்த 98 மாடல் வண்டி இரண்டு வருஷமாக மிஸ் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இருக்காது. கயத்தாறு வரை போய் இஞ்சின் சூடேறி, டோல்கேட்டில் நின்றதும் ஆரம்பித்துவிடும். மொத்தமே மூன்று சிலிண்டர். அதில் ஒன்று படுத்துக்கொண்டால் வண்டி மாவு மில் மாதிரி ஆடும், ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கும். கிளம்பி வேகம் எடுத்தால் பாதி சரியாகிவிடும். மெக்கானிக் அண்ணாச்சி ப்ளக் மாற்றினார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் ரோட்டரும் மாற்றினார், கார்புரேட்டரை இரண்டு தடவை இறக்கிக் கழுவினார். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் போனது. கடைசியில், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை சார்" என்றார். இப்போது எது கெட்டாலும் எத்தனால்தான். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோலில் கோளாறு என்றால் மூன்று சிலிண்டரும் அல்லவா தள்ளாட வேண்டும்?

அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன், எந்த சிலிண்டர் என்றுகூடக் கேட்காமல் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே பானெட்டைத் திறந்தேன். இஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, பிடிக்கு ரப்பர் போட்ட குறடால் ப்ளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றைக் கழற்றினால் இஞ்சின் இன்னும் தள்ளாடியது. இரண்டைக் கழற்றினாலும் அப்படியே. மூன்றைக் கழற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே செத்துக் கிடப்பதைக் கழற்றினால் என்ன மாறும்? ஆள் கிடைத்துவிட்டான். ஏன் என்பதுதான் பாக்கி.

நன்றாக இருட்டியதும் தண்ணீர் ஸ்ப்ரேயரால் வயர்கள் மேல் லேசாகப் புகை மாதிரி அடித்தேன். மூன்றாவது வயரின் இடுப்பில் நீலமாக ஒரு பூச்சி ஊர்ந்தது. கரண்ட் வயரைக் கிழித்துக்கொண்டு வெளியே குதிக்கிறது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தீ பிடிக்கப் போகுது, மூடுங்க" என்றாள். மறுநாள் புது வயர் செட் போட்டேன். உனக்கு அன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'கண்டுபிடிச்சாச்சு' என்று அனுப்பினேனே, அது இதுதான். அந்தச் சந்தோஷம் மூன்றே நாள். மிஸ்ஸிங் கொஞ்சம் குறைந்ததே தவிர, டோல்கேட்டில் ஆட்டம் போகவில்லை. குற்றவாளிகள் இரண்டு பேர் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றின் ப்ளக்கைக் கழற்றி ஒன்றில் போட்டேன், ஒன்றினுடையதை மூன்றில் போட்டேன். மிஸ்ஸிங் ப்ளக்கோடு போகவில்லை, மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது. அப்படியானால் நெருப்பு குற்றமில்லை. கார்புரேட்டர் ஒன்றே ஒன்று, மூன்றுக்கும் பொதுவாக ஊட்டுகிறது. அதனால் பெட்ரோலும் குற்றமில்லை. மேனிஃபோல்ட் கேஸ்கெட் வழியாகக் காற்று புகுகிறதா என்று பார்த்தேன், இல்லை. மிச்சம் இருப்பது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அமுக்கம், அதாவது கம்ப்ரெஷன்.

தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து சைலன்சர் வாயில் பிடித்தேன். தாள் படபடவென்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே, நடுநடுவே சட்டென்று உள்ளே உறிஞ்சி ஒட்டியது. எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாவிட்டால் இப்படித்தான் செய்யும். கம்ப்ரெஷன் கேஜை இரவல் வாங்கி வந்து சூட்டோடு பார்த்தேன். ஒன்றில் 165 பி.எஸ்.ஐ., இரண்டில் 160, மூன்றில் 90. ப்ளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் முள் ஏறியிருக்கும். 95-ஐத் தாண்டவில்லை. வால்வுதான்.

மறுநாள் காலை இஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பெட் கவரைக் கழற்றினேன். தகர டப்பாவில் இடைவெளி அளக்கும் மில் காலத்து ஃபீலர் கேஜ் இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் விசிறி என்று விளையாடியது, அதை எடுத்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இருப்பதிலேயே மெல்லிய தகடு, 0.05 மில்லிமீட்டர், அதுகூட நுழையவில்லை. வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் இடைவெளி என்பதே இல்லை. ஆறியிருக்கும்போதே இப்படி என்றால், சூடாகி வால்வுத் தண்டு நீண்டதும் ராக்கர் அதை மூட விடுமா? மில்லிமீட்டரில் நூலளவு திறந்தே நிற்கும், அமுக்கம் அதன் வழியே போய்விடும். வேகத்தில் ஒழுக நேரமில்லாததால் தெரியாது, ஐடிலில் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, வால்வு தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்காரும் அந்த நேரத்தில்தான். உட்கார விடாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் கருகி, ஹெட்டையே இறக்கியிருக்க வேண்டும்.

இப்போது அம்மாவுக்குத் தெரியாத பாதி. இந்த டேப்பெட்டை முடுக்கி இடைவெளியைக் குறைக்கச் சொன்னது நான்தான். நீ ஊருக்கு வந்து போன அந்த வருஷம், வண்டியில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கேட்கவே அசிங்கமாக இருக்கிறது என்று அண்ணாச்சியிடம் நச்சரித்தேன். "லேசா சத்தம் இருக்கணும் சார்" என்று அவர் சொல்லத்தான் செய்தார். நான் விடவில்லை. முடுக்கிக் கொடுத்தார். சத்தம் நின்றது, கொஞ்ச நாளில் மிஸ்ஸிங் வந்தது. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. அவரிடம் போய்ச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு ஆறு வால்வையும் வைத்து, லாக் நட்டை இறுக்கி, கவருக்குப் புது கேஸ்கெட் போட்டேன். கேஸ்கெட் 120 ரூபாய். மூன்றில் அமுக்கம் 150-க்கு வந்துவிட்டது.

உன் வண்டிக்கு வருகிறேன். அதில் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க என் மாதிரிக் குறடு தேவையில்லை. காரின் கோளாறு நம்பரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது, பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரே இடம் என்று சொல்ல முடியாதது. ஆனால் அந்த நம்பர் எங்கே என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. இஞ்சினை நிறுத்திவிட்டு அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல். நம்பரும் கூடவே இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் ப்ளக்கை அப்படியே செய்யட்டும், பிறகு இன்ஜெக்டரை. எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரெஷன் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்காதே. லைட் நிலையாக எரியாமல் மின்ன ஆரம்பித்தால் மட்டும் ஓரம் கட்டிவிடு, ஓட்டாதே. எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும், அதன் விலைக்கு இங்கே ஒரு பழைய 800 வாங்கலாம்.

ஒன்று மட்டும் எழுது: காலைக் குளிரில் அடிக்கிறதா, சூடான பிறகா? மெல்போர்னில் இப்போது குளிர்தானே, கவனித்தால் தெரிந்துவிடும்.

நேற்று அம்மாவைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியில் ஒரு ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் இஞ்சினை அணைக்காமல் நின்றோம், துளி ஆட்டம் இல்லை. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு, "என்னங்க, மறுபடியும் டிக் டிக்குன்னு கேக்குது?" என்றாள். "அது கேக்கட்டும்" என்றேன்.

அன்புடன்,
அப்பா