பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் நம் சங்கத்தின் 2024–2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நம் பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு பிள்ளை மேற்கொண்டு என்ன படிக்கும் என்பதை, வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டிலும், தன்னைப் போன்ற ஒருவரை எந்த வேலையில் பார்த்திருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது என்று சென்ற பொதுக்குழுவில் பேசினோம். ஆகவே இவ்வாண்டு மேடைப் பேச்சுகளைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளை நேரில் அழைத்துச் சென்று காட்டுவதையே முதன்மைப் பணியாகக் கொண்டோம்.

நம் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநராக இருந்ததை நம் பிள்ளைகள் அனைவரும் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாளின் பெயரை, கரும்பு வெட்டுக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இந்தக் குறை நம்முடையது.

கோவையில் இரும்பைக் கடையும் ஒரு லேத் பட்டறைக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவியரை அழைத்துச் சென்றோம். “பொண்ணுப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க இந்த எண்ணெய்ப் பிசுக்கு?” என்று பட்டறைக்காரர் முதலில் தயங்கினார். லேத்தில் சுழலும் பிடியான சக்கில் இரும்புத் தண்டை மாட்டி, ஒரு மாணவியைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். வெட்டும் டூல் பட்டதும் சுருள் சுருளாகப் பிசிறு உதிர்ந்தது; சத்தம் மாறியதைக் கேட்டு, யாரும் சொல்லாமலே அவள் வேகத்தைக் குறைத்தாள். “அம்மிணி, காது நல்லாப் புடிக்குதே” என்றவர், மறுமுறை இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வரச் சொன்னார். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத பட்டறையில் அவள் வேலைக்குச் சேர முடியாது என்பதையும் அன்றே அவரிடம் எடுத்துச் சொன்னோம்.

கலையிலும் இதே நிலைதான். ஆண்களே ஆடிவந்த, வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர் வழியை எடுத்துக்காட்டியே, கும்மிப் பயிற்சிக்கு மகள்களை அனுப்பத் தயங்கிய வீடுகளில் பேசினோம்.

மனத்தை வருத்திய ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆனைமலை அடிவாரத்து மலசர் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வந்த மாணவர் ஒருவர் வனவியல் படிக்க விரும்பினார். சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு அவருடன் நானும் பலமுறை நடந்தேன்; சான்றிதழ் கைக்கு வருமுன் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. கல்லூரி மாணவியர்க்கும் மாணவர்க்கும் தமிழக அரசு தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் நம் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டியவர்க்கே அது கிடைக்கும். வாசலுக்கு முன்னாலேயே நின்றுபோகிறவர்களுக்காகத்தான் நம் சங்கம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில், மலைக் குடியிருப்புப் பிள்ளைகளின் சான்றிதழ் விண்ணப்பங்களை எட்டாம் வகுப்பிலேயே எழுதிக் கொடுக்கவும், பட்டறைக்குச் செல்லும் மாணவியரின் பேருந்துச் செலவைச் சங்கமே ஏற்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்