காணாமல் போன பூஜ்யம்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் முறுக்கு. சிரிக்காதே. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குப் போட்டுவிட்டார்கள். தேக்கா பக்கம் மாலையில் நடக்கவே இடமில்லை. நான் ஒத்தாசை செய்யும் பலகாரக் கடையில் ஆர்டர் குவிகிறது. மாவு பிசைவது அவர்கள் பாடு. வெப்சைட்டில் விழும் ஆர்டரை ஆள் கை படாமல் டெலிவரி அட்டவணை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பாடு. ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நீயும் அதைத்தான் கேட்பாய்.

உன் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலை எக்செலில் திறந்தால் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் நான் பட்ட பாட்டைக் கேள்.

ஒவ்வொரு மாலையும் அன்றைய ஆர்டர்கள் ஒரு சிஎஸ்வி கோப்பாகப் பொதுவான கோப்புறையில் வந்து விழும். ஓர் ஆர்டருக்கு ஒரு வரி: பெயர், முகவரி, போன், பலகாரம், எத்தனை பாக்கெட், அஞ்சல் குறியீடு, எல்லாம் காற்புள்ளியால் பிரித்தவை. என் ஒர்க்ஃப்ளோ, அதாவது தானாக ஓடும் வேலைத் தொடர், இரவில் அதை எடுத்து, வரி வரியாக ஜேசானாக்கி (ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயரோடு எழுதும் வடிவம்), அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். முதல் நாள் மிதப்பில், காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டு என்று எழுதிவிட்டேன். இங்கே அடுக்குமாடி முகவரி எப்படி இருக்கும்? புளோக் எண், காற்புள்ளி, தெரு, காற்புள்ளி, மாடியும் வீட்டு எண்ணும். வெட்டிய வெட்டில் தெருப் பெயர் போன் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. பலகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டு எண். பாக்கெட் எண்ணிக்கையில் எட்டு இலக்க போன் எண். '#05-112' என்ற பலகாரத்தில் ஒன்பது கோடிச் சொச்சம் பாக்கெட் வேண்டுமென்று சமையற்கட்டுக்குத் தாள் போய்விட்டது. மாஸ்டர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பின் மேல் குற்றமே இல்லை. காற்புள்ளி உள்ள முகவரியை அது ஒழுங்காக இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் கொடுத்திருந்தது. ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் 2005இல் இந்த வழக்கங்களை எழுதிவைத்திருக்கிறது: உள்ளே காற்புள்ளியோ மேற்கோளோ வரிமுறிவோ வந்தால் மேற்கோளுக்குள் போடு, உள்ளே வரும் மேற்கோளை இரட்டிப்பாக்கு. இதையெல்லாம் அறிந்து கோப்பைப் பிரித்துப் படிக்கும் பார்சர் எந்தக் கணினி மொழிக்கும் தயாராகக் கிடைக்கிறது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு நானே இறங்கியதுதான் தப்பு.

அதைச் சரிசெய்த கையோடு, முகவரியைப் பிரித்தே வாங்கலாமே என்று படிவத்தில் வீட்டு எண்ணுக்குத் தனிக் கட்டம் வைத்தேன். '#' போடச் சொல்ல மறந்தேன். கடைக்கார அக்காவுக்கோ எதையும் கண்ணால் பார்க்காமல் திருப்தி வராது. கோப்பை எக்செலில் திறந்து, மேலும் கீழும் உருட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் சேமித்தும் விட்டார். மூன்றாம் மாடியில் ஐந்தாம் வீடு, அதாவது '#' இல்லாத வெறும் 03-05, தேதி போலத் தெரிந்ததால் மே மாதம் 3ஆம் தேதி ஆகிவிட்டது! எக்செலுக்கு எதையும் ஊகித்துத் திருத்தாவிட்டால் தூக்கம் வராது போலும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இதற்குத் தோற்று, 2020இல் செப்ட்1 போன்ற பெயர்களைச் செப்டின்1 என்று மாற்றிக்கொண்டது. இல்லாவிட்டால் அவை செப்டம்பர் 1 ஆகிக்கொண்டே இருந்தன.

அன்றே இன்னொன்றும் போனது. இங்கே 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். நகரின் நடுப்பகுதியில் அது பூஜ்யத்தில் தொடங்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 058793. எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 58793 ஆக்கிவிடும். அந்தப் பக்கத்து ஆர்டர்கள் நான்கும் டெலிவரி வரைபடத்தில் எங்கும் பொருந்தாமல் நின்றன.

இப்போது என் ஏற்பாடு இது. உள்ளே வருவது எல்லாம் எழுத்து. எண் எது என்று நான் பெயர் சொன்னால்தான் எண்:

{"வீடு": "03-05", "அஞ்சல்": "058793", "பாக்கெட்": 3}

மூன்றுக்கு மட்டும் மேற்கோள் இல்லை, பார். கூட்டிக் கழிக்க வேண்டியது அது ஒன்றுதான். அஞ்சல் குறியீட்டை யாரும் கூட்டப்போவதில்லை. அக்காவுக்குப் பார்ப்பதற்கென்று தனிப் பிரதி ஒன்று போகிறது. அதில் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சேமிக்கலாம்.

இனி உன் பட்டியல். கோப்பு நல்லபடியாகவே இருக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். எக்செல் அதைப் பழைய மேற்கத்திய எழுத்தாக நினைத்து மூன்று மூன்று கிறுக்கலாகக் காட்டுகிறது. கோப்பின் தலையில் 'பாம்' என்கிற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்துச் சேமி, தமிழ் தெரியும். ஆனால் அதே கோப்பை நாளைக்கு ஒரு நிரலுக்குக் கொடுத்தால், பல பார்சர்கள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை முதல் தலைப்போடு ஒட்டவைத்துவிடும். 'பெயர்' என்ற கட்டமே இல்லை என்று எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பதில் வந்தது. திரையில் கொட்டை எழுத்தில் 'பெயர்' என்றுதான் இருக்கிறது! விடியற்காலை மூன்று மணிக்கு எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்தபோதுதான் ஒன்று கூடுதலாக இருந்தது தெரிந்தது.

நம் ஊர் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, அதனால் அந்தத் தொல்லை உனக்கு இல்லை. ஆனால் கும்பகோணத்துத் தரைவழி எண்களை 0435 போட்டு எழுதியிருப்பீர்கள். அந்தப் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிடு.

தம்பி மகன் பதினெட்டாம் தேதி ஊருக்கு வருகிறான். முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புகிறேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தங்கச்சியிடம் கேட்டு உண்மையை எழுது. அதிரசத்தின் எண்ணிக்கை அதைப் பொறுத்தது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி